நூறு கே.வி.ஏ. சுருதி

கைத்தாளம் கும்பகோணத்தில் வாங்கினேன்,
ஜோடி அறுநூற்று எண்பது.
"பித்தளை இல்லைங்க, வெண்கலம்" என்று
கடைக்காரர் தட்டிக் காட்டினார்.
எனக்கு இரண்டும்
கரண்ட் பாயும் பொருள்தான்.

குடவாசலுக்குத் தெற்கே
இருபத்தாறு வருஷமாக வயர்மேன்.
செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரைக்கு
சிவன் கோயில் வவ்வால்நெத்தி மண்டபத்தில்
கடைசி வரிசை மாணவன்.

டீச்சர் பெயர் இளவேனில். வயது இருபத்துநாலு.
ஓதுவார் என்று அரசாணை வந்து எட்டு மாதம்.
கோபுர வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியதற்கு
மெய்க்காவலர் ஒரு வாரம் முறைத்தார்.
ஸ்கூட்டி அங்கேயேதான் நிற்கிறது.

முதல் மாதம் நாங்கள் பாடவே இல்லை.
"ச" என்ற ஓரெழுத்தில் உட்கார்ந்திருந்தோம்.
சத்துணவு சமைக்கும் வேதவல்லிக்கு
மூச்சு நீளம்; இருநூறு பிள்ளைகளைச்
சாப்பிடக் கூப்பிட்ட தொண்டை.
உரக்கடைத் தியாகசுந்தரம்
ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்பார்.
பதிகத்தின் முதலடியில் ஆறு புரள்கிறது,
இரண்டாமடியில் வாளை துள்ளுகிறது.
"இப்ப மேட்டூர்ல எத்தனை அடி?" என்பார் நடுவில்.
டீச்சர் சிரிக்காமல் சொல்வாள்:
"பாட்டுல முறை வைக்கிறதில்ல சார்,
ரெண்டு கரையும் நிரம்பித்தான் போகும்."

என் விரல்கள் கட்டிங் பிளேயருக்குப் பழகியவை.
தாளத்தை நசுக்கினேன்.
ணிங் என்று திறக்க வேண்டியது
டக் என்று செத்தது.
"கயித்தப் பிடிங்க, வெண்கலத்த விடுங்க."
அது புரிய மூன்று வெள்ளிக்கிழமை.

பிறகு ஒருநாள் சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டு
என்னைத் தனியாகப் பாடச் சொன்னாள்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.
"கொஞ்சம் கீழ இருக்கு. ஆனா ஆடல.
பெட்டியக் கேட்டுப் பாடுறீங்களா,
வேற எதையாவதா?"

சொல்லக் கூச்சமாக இருந்தது.
மேற்கு மதிலுக்கு வெளியே
நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்.
லோடு ஏறினால் எப்படி இரையும்,
ஒரு பேஸ் போனால் எப்படி முனகும்,
தூக்கத்திலும் தெரியும் எனக்கு.
பெட்டியின் சுருதி எனக்கு இன்னும் அந்நியம்.
அதை விட்டு இதைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எழுந்து மதிலோரம் போய்
காதை வைத்துக் கேட்டாள்.
திரும்பி வந்து
சுருதிப்பெட்டியின் திருகை
ஒரு நூல் கீழே இறக்கினாள்.
வேதவல்லி மட்டும்
"எனக்கு அடிவயித்துக்குப் போவுது" என்று முணுமுணுத்தாள்.

ஐப்பசியில் அடைமழை.
வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு
வாகைக்கிளை முறிந்து லைனில் விழுந்தது.
நான் வகுப்பில் இல்லை, டியூட்டியில்.
ஏபி சுவிட்சை இறக்கினேன்,
எர்த் ராடு மாட்டினேன்,
கோயிலை இருட்டாக்கியது என் கைதான்.

கம்பத்தில் ஏறிக் கிளையை அறுக்கும்போது
மதிலுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது.
பெட்டி இல்லை, விளக்கு இல்லை,
மேற்கே அந்த இரைச்சலும் இல்லை.
நாலு குரல் நாலு வாய்க்காலாகப் பிரிந்தன.
டீச்சர் குரல் மட்டும்
அணைக்கட்டுப் போல நின்று பார்த்தது.
தியாகசுந்தரம் வாளையோடு
எங்கோ அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இடுப்பில் பெல்ட், வாயில் மழைத்தண்ணீர்.
மேலேயிருந்து "ச" பிடித்தேன்.
யாருக்கும் கேட்டிருக்காது.
அவர்கள் அடி முடியும் இடத்தில்
பிளேயரால் கம்பத்தைத் தட்டினேன்,
டக்.
இரும்பு திறக்காது, தெரியும்.

இறங்கி வந்து
ஃப்யூஸ் போட்டு சுவிட்சை ஏற்றினேன்.
மண்டபத்தில் டியூப்லைட் ரெண்டு தடவை கண் சிமிட்டியது.
டிரான்ஸ்பார்மர் தொண்டையைச் செருமி
தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

நான் இன்னும் விடாமல் பிடித்திருந்தேன்.
அதோடு சேர்த்துக் கேட்டபோது தெரிந்தது:
மேலே இருந்தபோது
ஒரு மயிரிழை ஏறியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் சொல்ல வேண்டும்.