வெறுங்குடல்

ஏப்ரல் இருபத்தொன்று. குப்பி எண் பதினாறு.
வெஸ்ட்ஃபியோர்டின் நாலு டிகிரித் தண்ணீரிலிருந்து
ஹால்வார்ட் இராத்திரி இழுத்துக் கொடுத்தது.
இதை வலை என்றால் மீனவர்கள் சிரிப்பார்கள்:
சல்லாத்துணியில் ஒரு கூம்பு,
அதன் அடியில்
ஒரு தேக்கரண்டிக் கஞ்சி.

அந்தக் கஞ்சிக்குள் காட் மீன்கள்.
நாலரை மில்லிமீட்டர்.
கண்கள் மட்டும் கறுத்திருக்கின்றன,
மற்றதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை.

பிறர் வயிறு பார்ப்பது என் உத்தியோகம்.
ஊசிமுனையால் குடலைக் கீறி
உள்ளே யார் என்று எழுத வேண்டும்.
நல்ல நாளில் மூன்று பேர் இருப்பார்கள், வரிசையாக,
பேருந்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி:
துடுப்புக்காலியின் பிள்ளைகள்,
ஆறு கால், ஒற்றைக் கண்.
உடம்பு செரித்த பின்னும்
அந்தக் கண் கொஞ்ச நேரம் விழித்திருக்கும்.

அவற்றின் தாய்கள்
மாரி முழுக்க அறுநூறு மீட்டர் ஆழத்தில்
தம் கொழுப்பையே போர்த்தித் தூங்கி
வெளிச்சம் நீளும்போது மேலேறி முட்டையிட வேண்டும்.
காட் குஞ்சு பொரித்த ஆறாம் நாள்,
மஞ்சள்கரு தீரும் அன்று,
அதன் மூக்குக்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் நீந்த வேண்டும்.
இரண்டு தேதி.
யாரும் யாருக்கும் சொல்லியனுப்புவதில்லை.

முதல் குடல் வெறுமை.
இரண்டாவது.
ஐந்தாவது கொக்கிபோல் வளைந்தபடி கிடந்தது.
பாய்வதற்கு முன்னால் அப்படித்தான் வளையும்;
எதன்மேல் பாயப் பார்த்ததோ.

மதியம் கையை இருமுறை கழுவிக்கொண்டு
ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றேன்.
இங்யெர் தன் ஆப்பிளில் பாதி தந்தாள்.
மெல்லும் சத்தம் அறையில் பெரிதாகக் கேட்டது.

நாற்பதில் முப்பத்தேழு, பூஜ்யம்.
பசி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால்
இரை வந்து வாயில் இடித்தாலும்
கடிக்கத் திராணி இருக்காது.
அதற்கும் என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.

ஐந்து மணிக்கு ஹால்வார்ட் போனில்:
எப்படியிருக்கு?
அவன் மைத்துனன் ஸ்டாம்சுண்டில்
புதுப் படகுக்குக் கடன் எடுத்திருக்கிறான்,
பன்னிரண்டு வருஷத் தவணை.
இதுகள் வளர்ந்து அவன் வலைக்கு வர
ஏழு வருஷம்.

ஒரு குப்பிதானே, என்றேன். இன்னும் முப்பது இருக்கு.
பொய்யில்லை.

வெளியே மரச்சட்டங்களில்
வாலோடு வால் கட்டி, ஜோடி ஜோடியாய்க்
காற்றில் காய்கின்றன
என்றைக்கோ தேதி தவறாத காட்கள்.
முதல் வாய் என்ன தின்றீர்கள் என்று
கேட்கலாமென்று நின்றேன்.
தலையில்லை ஒன்றுக்கும்.