இதர

மாத்திரைக் கவரின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வருடத்துக்குத் தொண்ணூறாயிரம், நாலு வருடம்.
குடியாத்தத்திலிருந்து காலேஜ் பஸ் தனி.
வெள்ளைக் கோட்டு, ரெக்கார்டு நோட்டு,
அப்புறம் 'இதர' என்று ஒரு வரி.
எது என்று கேட்டால் ஆபீஸில் சிரிக்கிறார்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்கலாம் என்கிறாள் அம்மா.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம்
குனிந்த முதுகு. அதற்கு வலிமாத்திரை
நான்தான் கொண்டுபோகிறேன்.

கடைச் சுவரில் கண்ணாடிக்குள்
தேவநேசன், பி.பார்ம். ஆளைப் பார்த்ததில்லை.
அந்தச் சான்றிதழுக்கு மாத வாடகை
என் சம்பளத்தைவிட இருநூறு கூட.

ஷட்டர் இறக்கும் நேரம்,
காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டு ஒருவர்:
"சாப்பாட்டுக்கு முன்னாடியா மேடம்?"
சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.
கவரில் எழுதியும் கொடுத்தேன்.

ரயில்வே கேட் தாண்டும்போதுதான் உறைத்தது,
என் கணக்கு
அவரோடு போய்விட்டது.