யார் பக்கம்

குழாயை வாங்கியபோது இரத்தம் இன்னும் வெதுவெதுப்பு.
ஒட்டுச்சீட்டில்: கபிலேசன், பதினொன்று, ஆயர் ஈத்தாம்.
கண் மஞ்சள். மண்ணீரல் நான்கு விரல்.
கீழாநெல்லி மூன்று மண்டலம் குடித்தாயிற்றாம்.

தகட்டில் ஒரு துளியை இழுத்துச் சாயமேற்றினேன்.
மற்றவர் அணுக்கள் நடுவில் வெளுத்திருக்கும்,
கட்டைவிரல் அழுந்திய மாவு மாதிரி.
இவனுடையவை உருண்டு, இறுகி,
குண்டூசித் தலைகள்.

வெளியே நாற்காலியில் அவன் அம்மா பவளரேகா,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல்.
"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மிஸ்.
இது என் பக்கத்து இரத்தமா, அவர் பக்கமா?
பதினோரு வருஷமா வீட்டுல இதே பேச்சு."

மூவரின் இரத்தத்தையும் உப்புநீரில் இறக்கினேன்,
குழாய்க்குக் குழாய் உப்பைக் குறைத்து.
முதலில் வெடித்துச் சிவந்தது பையனுடையது.
பெற்றவர்கள் இருவரும் கடைசிவரை தாங்கினார்கள்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
கோலாலம்பூரிலிருந்து மரபணு அறிக்கை வர
ஏழு வாரம்.

அறிக்கை வந்த அன்று மழை.
படகுத்துறைப் பக்கம் எல்லாம் சாம்பல்.
எப்படிச் சொல்வதென்று நானே ஒத்திகை பார்த்தேன்.

மஜ்ஜைக்குள், தன் உட்கருவைத் துப்புவதற்கு முன்பே
அணு இழை நூற்கத் தொடங்கிவிடுகிறது, ஸ்பெக்ட்ரின்.
வேண்டியதைவிட அதிகமாக நூற்கிறது.
பிடி கிடைக்காதது வந்த வழியே சிதைந்து போகும்.
அன்கைரின் என்ற கொக்கியில் மாட்டியது மட்டும்
சவ்வின் அடியில் நிற்கும்,
ஆக்டின் முடிச்சுக்கு ஆறு இழை வீதம்.
உட்கரு போனபின் திருத்தி எழுத ஆளில்லை.
நூற்றிருபது நாளும் அதே சட்டகம்.

வலை என்று சொல்லலாமா? வலை எதையாவது பிடிக்கும்.
ரொட்டி சானாய் மாவு? வீசினால் விரியும்,
தானாகப் பழைய உருவுக்கு வராது.

அவளே சொன்னாள்:
"சோல்டர் ஒட்டாத கால் மாதிரியா?
பலகை பார்க்க நல்லாத்தான் இருக்கும்.
ஆட்டுனா விட்டுடும்."

ஆமாம். கொக்கி குறைந்த இடத்தில்
சவ்வு துளித்துளியாக உதிர்கிறது.
உதிர உதிர, தட்டு உருண்டை ஆகிறது.

இருவர் பார்க்கும் நுண்நோக்கியில் அவளை உட்கார வைத்தேன்.
நான் சொல்லாமலே குமிழைத் திருகினாள்;
நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் பழகிய விரல்.
"இது ரிஜெக்ட். இதுவும். இதுவும்.
உள்ள கியூ.சி. யாரு?"

மண்ணீரல், என்றேன்.
அணுவைவிடப் பல மடங்கு ஒடுங்கிய சந்து அங்கே.
மற்றவை கண்ணாடியை மடக்கிய மோட்டார்சைக்கிளாக
வளைந்து நெளிந்து போய்விடும்.
உருண்டை மாட்டிக்கொள்ளும்.
வேலை பார்த்துப் பார்த்துத்தான் அது வீங்கியிருக்கிறது.

பிறகு அறிக்கையைத் திருப்பிக் காட்டினேன்.
அன்கைரின் எழுத்தில் ஒரு பிழை.
அப்பாவிடம் இல்லை. அம்மாவிடமும் இல்லை.
அவனில்தான் முதல்முறை.

அழுவாள் என்று நினைத்தேன்.
"அப்ப யாரையும் திட்ட முடியாதா?" என்றாள்.
இந்தக் கேள்விக்கு எங்கள் ஆய்வகத்தில் சோதனை கிடையாது.

"நாத்தனாருக்குக் காட்டணும். தமிழ்ல எழுதிக் கொடுங்க."
அதற்குப் படிவம் இல்லை.
குழாயில் ஒட்டும் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
யார் பக்கமும் இல்லை.
கையெழுத்து வைத்து, தேதி போட்டு,
ஆய்வக முத்திரையையும் குத்தினேன். தப்புத்தான்.

நடைபாதையில் கபிலேசன்
காலுறையோடு சறுக்கிக்கொண்டிருந்தான்,
சுவர் வரைக்கும், திரும்ப நாற்காலி வரைக்கும்.
"டேய், வயித்துல அடிபட்டுடும்," என்று கத்திக்கொண்டே
அவள் ஓடினாள், சீட்டு கையில் ஒட்டியபடி.