உறுதி இலக்கம் 2217

நீதிமன்றத்துக்குப் பின்னால் என் அறை.
சுண்டிக்குளி வெயில் பத்து மணிக்கே
கோப்புகளின் முதுகைச் சூடாக்கிவிடும்.
கம்சிகா வந்தபோது மின்சாரம் நின்றிருந்தது.
"தங்கச்சிக்கு எழுதவேணும்," என்றாள்.
"கொண்டாவில் காணி. முழுதும்."

கனடா போனவர்களுக்கு எழுதியிருக்கிறேன்,
பிரான்சிலிருந்து தத்துவம் அனுப்பியவர்களுக்கும்.
விற்றாலும் அவர்கள் வருவார்கள்:
தேர் பார்க்க, பல்லுக் கட்ட,
பழைய மதிலில் கைவைத்து
வாங்கினவனைத் திட்டிவிட்டுப் போக.
இவள் போகிற இடத்துக்குத்
திரும்பும் சீட்டு அடிப்பதில்லை.

செவ்வாய்.
சாதகத்தில் அது பிழையாய் இருந்தால்
எங்கள் பெண்களுக்குக் கலியாணம் தள்ளிப்போகும்.
இவள் அதில் குடியிருக்கப் போகிறாள்.
எட்டுப் பேர். துருப்பிடித்த நிறத்தில் தரை.
பனியை வெட்டி உருக்கும் வேலை இவளுடையது.
"தண்ணி காணுமோ?"
"எங்கடையதையே வடிச்சு வடிச்சுக் குடிப்பம், சேர்."
சிரித்தாள்.
நான் என் போத்தலை மூடி வைத்தேன்.

எழுதத் தொடங்கினேன்.
"பனிச்சையடி" என்னும் காணி,
பரப்பு மூன்று, குழி ஏழு.
கிழக்கு ஒழுங்கை. வடக்கு சின்னத்துரை பங்கு.
மேற்கும் தெற்கும் வாய்க்கால்.
வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர்...
"வான்பயிர் எண்டால்?"
"ஊற்றாமலே வளருறது."
"ஓ," என்றாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சீவிய உருத்து வைக்கிறீங்களோ?"
எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.
"இல்லை. கிணத்திலை ஒரு வாளி மட்டும்."
"அதைச் சட்டத்திலை எழுதேலாது, பிள்ளை."
"தெரியும் சேர். சும்மா கேட்டன்."

மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னாள்:
"பாரம் அங்கை மூண்டிலொரு பங்குதான்.
எலும்பு கரையும், நெஞ்சு சோம்பும்.
பத்து வருசம் கழிச்சு ஆரும் கொண்டுவந்து விட்டாலும்
நான் இந்த மண்ணைத் தாங்கமாட்டன்."
மண்தான் எங்களைத் தாங்குகிறது என்று
அறுபத்தொரு வயதுவரை நினைத்திருந்தேன்.

இவ்வளவு நேரமும் தாய் தவமலர்
வெளியே ஓட்டோவுக்குள் இருந்தாள்.
சாட்சிக்கு ஓட்டோக்காரனைக் கூப்பிட,
அவளும் இறங்கி வந்தாள்.
மகளைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டாள்:
"அங்கை ஏதும் நடந்தால்
என்ன திதி, ஐயா?"

கம்சிகாதான் பதில் சொன்னாள்,
ஆய்வுகூட முடிவு வாசிப்பதுபோல:
அங்கே நிலவு இரண்டு.
ஒன்று மேற்கில் உதிக்கும்,
ஒரு நாளைக்குள்ளேயே இரண்டு தரம் ஓடி முடிக்கும்.
மற்றது நகர்கிறதா என்றே சந்தேகம்.
தவமலர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள்.
நான்காம் விரலோடு விட்டுவிட்டாள்.

கடைசி வரி எனக்காகக் காத்திருந்தது,
முப்பது வருடமாய் யோசியாமல் நான் எழுதும் வரி:
சந்திர சூரியர் உள்ளவரை
ஆண்டு அனுபவிக்கக் கடவது.
எந்தச் சந்திரன் என்று அதில் இல்லை.
நான் திருத்தவில்லை.

மூன்று பிரதி. கையொப்பம். இடது பெருவிரல்.
மை துடைக்கத் துணி நீட்டினேன்.
வேண்டாம் என்றாள்.
படியிறங்கும்போது என் வாய்
பழக்கத்தில் சொல்லிவிட்டது:
"போட்டு வாங்கோ."
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஓட்டோ மூன்றாம் தரம்தான் பற்றியது.

தை மாதம் காணிப் பதிவகத்திலிருந்து
உறுதி திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை:
கொடுப்பவரின் நிரந்தர முகவரி இல்லை.
அவள் நிலவைத் தாண்டி
அன்றைக்குப் பதினொரு நாள்.

பேனாவைத் திறந்து,
இனி அவளுக்குச் சொந்தமில்லாத இடத்தை எழுதினேன்:
பனிச்சையடி, கொண்டாவில்.
திருத்தச் செலவு என் கணக்கில்.