தேய்மானம்

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி, காலை எட்டு.
சேர் வாய் திறக்கிறார்.
ஒரு மூச்சுப் பிந்தி
றொசாந்தியின் கைகள் திறக்கின்றன.

செலவுக் கணக்கியல். இன்று தேய்மானம்.
வாங்கிய இயந்திரம் வருடா வருடம்
பெறுமதியில் கொஞ்சம் இழக்கும் என்பதற்கு
அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து
நெற்றி, மூக்கு, நாடி, நெஞ்சு என்று
படிப்படியாய்க் கீழே இறக்குகிறாள்.
கூடவே என் இமையும் இறங்குகிறது.

நேற்றிரவு முழுக்கக் கதை.
மலிவு டேட்டா பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் பிறக்கும்.
வவுனியாவில் துவாரகி
போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து
இரண்டு கையாலும் கதைத்தாள்:
பெண் பார்க்க வந்த பையனின் தாய்
"பிள்ளை நல்ல அமைதி" என்றாளாம்.
சிரித்துச் சிரித்து
மூன்று மணிக்குத்தான் லைட்டை நூர்த்தோம்.
லைட் நூர்ந்தால் எங்களுக்குப் பேச்சும் நூரும்.

முன் வாங்கில் சஜீவன் நித்திரை.
கண் மூடினாலும் காது அவனுக்குக் காவல் இருக்கும்.
பெயர் கூப்பிட்டால் துள்ளி எழும்பி
"நேர்கோட்டு முறை, சேர்" என்று
பாதி விடையாவது சொல்லிவிடுவான்.
எனக்குக் கண்ணைச் சிமிட்டினால் ஒரு சொல் போகும்,
தும்மினால் ஒரு வசனம்.
கொப்பியில் ஓர் இலக்கத்தை எழுதக் குனிந்தால்
அடுத்த இலக்கம் காற்றோடு சரி.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்.
பர்ஹானா எழும்பி வர
றொசாந்தி உட்கார்ந்து விரல்களுக்கு நெட்டி முறிக்கிறாள்.
கைக்கு ஓய்வு எழுதிவைத்த ஒப்பந்தத்தில்
கண்ணுக்கு ஒரு வரியும் இல்லை.

எப்போது விழுந்தேனோ தெரியாது.
வகுப்பு மங்கவில்லை, மெல்ல மெல்லக் குறையவும் இல்லை.
ஒரே வெட்டில் இல்லாமல் போனது.

மேசை அதிர்ந்தது. இரண்டு தட்டு.
கண் திறந்தால்
நாற்பது முகம் என் பக்கம்.
சேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இடைவேளையில் பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்,
கேட்பதற்கும் எனக்குக் கை வேண்டும்:
நான் நித்திரையாய் இருந்தபோது
நீ என்ன செய்தாய்?

வேலை செய்தேன், என்றாள் பர்ஹானா.

யாருக்கு?

மூடின கண்ணுக்கு.
"அந்தப் பிள்ளை நித்திரையா?" என்று சேர் கேட்டார்.
அதையும் உனக்குச் சொன்னேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
சிரிக்கிறார்கள் என்றும் சொன்னேன்.
"எழுப்ப வேண்டாம், பாவம்" என்றார்.
பாவம் என்ற சொல்லை
என் கை செய்து முடித்த பிறகுதான்
உன் மேசையில் தட்டினேன்.
அது என் வேலை இல்லை.
ஒருவருக்கும் சொல்லாதே.

பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.
இரண்டு பேரும் குடித்தோம்.

பின்னேரம் நூறாம் இலக்க பஸ்.
காலி வீதி நெடுகத் தலைகள் ஆடுகின்றன.
வேலை முடிந்த சட்டைகள், ரியூசன் முடிந்த பைகள்,
எல்லாருக்கும் ஒரே நித்திரை.
நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்தேன்.
எஞ்சின் பல்லுக்குள் நடுங்கியது.
வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில்
பஸ் ஒருமுறை துள்ளும்.
இறங்க ஆயத்தமாகு என்று
அது தெஹிவளைக்காரருக்குச் சொல்லும் செய்தி.
எந்தக் கையும் தேவையில்லை.

இன்றும் துள்ளியிருக்கும்.

தோளில் ஒரு கை.
விழித்தால் இரத்மலானை.
கன்டக்டர் வாயை அசைத்தார்,
நான் காதைத் தொட்டுத் தலையாட்டினேன்.
ஒரு கணம் யோசித்தார்.
டிக்கெட் கட்டைக் கக்கத்தில் செருகி
இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக்
கன்னத்தில் வைத்துத் தலை சாய்த்தார்,
கண்ணை மூடிக் குறட்டையும் விட்டுக் காட்டினார்.
பிறகு சிரித்துக்கொண்டே
கூட வந்த தூரத்துக்கு முப்பது ரூபாய் என்று
மூன்று விரலை நீட்டினார்.