எர்த்

அரியர்ஸ் வந்தது நாற்பத்தோராயிரம்.
பாதி சீட்டுக் கடனுக்குப் போனது.
மீதியில், டவுன்ஹால் ரோட்டுச் சந்து ஜெயவீரனிடம்
கைமாறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி இரண்டு.
"தூக்கிப் பாருங்க சிஸ்டர்,
கனத்துலயே தெரியும் சரக்கு."
தூக்கினேன்.
படுக்கைப்புண் வராமல் எட்டு வருடமாக
ஆட்களைப் புரட்டிய கை,
அதற்கே வலித்தது.

அரசரடி சிக்னல் வரை மடியில் அது.
ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து
"குழந்தையா?" என்றார்.
"ஆமா, பன்னெண்டு கிலோ."

ஞானஒளிவுபுரத்தில் என் மாடியறை
பத்துக்குப் பதினொன்று.
ஹாலோ பிளாக் நான்கு வாங்கி
பெட்டிக்கு இரண்டாக அடுக்கினேன்.
எதிர்ச்சுவர் எதிரொலித்தது;
மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தேன்.
அன்றைக்குத் தரையில்தான் படுக்கை.

ஒயரின் தோலை
டிரெஸ்ஸிங் கத்தரியால் சீவினேன்.
செம்பு இழைகளை முறுக்கித் திருகில் நுழைத்து
மைக்ரோபோர் டேப்பில் 'வ', 'இ' என்று எழுதி ஒட்டினேன்.
இசிஜி ஒயர் மாட்டுகிறவளுக்கு
இது எம்மாத்திரம்.
சிவப்பு வலக்கை, மஞ்சள் இடக்கை,
பச்சை இடக்கால், கறுப்பு வலக்கால்:
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பிறகும் தப்பு செய்தேன்.
தவில் கேட்டது, அடி கேட்கவில்லை.
நாகஸ்வரம் அறை நடுவில் நிற்காமல்
இரண்டு மூலைக்கும் ஒதுங்கி
முகம் திருப்பிக்கொண்டது.
இடது பெட்டியில் கறுப்பில் சிவப்பு.
ஒன்று உந்தும்போது மற்றது உள்ளிழுத்திருக்கிறது.
பகல் டியூட்டி முடித்த கண், வேறென்ன.
மாற்றினேன். தரை அதிர்ந்தது.
ஜன்னல் கம்பியில் காய்ந்த சாக்ஸ் விழுந்தது.

அப்புறம்தான் அது.
பாட்டை நிறுத்தினாலும் நிற்காத
உம்ம்ம்ம்ம்.

ஜெயவீரன் போனில் சொன்னார்:
"கரண்டு ஓடுற சத்தம் சிஸ்டர்,
ரெண்டு நாள்ல பழகிரும்."

பழகும்.
எனக்குத் தெரியாதா.
மானிட்டர் அலறலுக்குப் பழகியிருக்கிறேன்,
அலறல் நிற்கும் சத்தத்துக்கும்.
இதற்குப் பழக மாட்டேன் என்று
ஏனோ பிடிவாதம் வந்தது.

ஆம்ப்ளிஃபயர் உடம்பில் கை வைத்தேன்.
விரலில் விறுவிறுப்பு.
உம் குறைந்தது.
கையை எடுத்தேன், கூடியது.
வைத்தேன், குறைந்தது.
வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று
யோசித்தேன்:
இது எனக்குத் தெரிந்த வியாதி.
எர்த் சரியில்லாத அன்று
இசிஜி தாளில் கோடு கம்பளிப்பூச்சியாகும்.
டாக்டர் இதயத்தைத் திட்டுவார்,
நான் பிளக்கைப் பார்ப்பேன்.

டார்ச்சோடு கொல்லைக்கு இறங்கினேன்.
மீட்டர் பெட்டிக்குக் கீழே
எர்த் குழாய்
பங்குனி வெயிலில் வெடித்த மண்ணுக்குள்.
குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே
சுண்டுவிரல் போகும் இடைவெளி.

ஒரு குடம் தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு.
மண் குடித்த வேகம் பார்க்கணும்,
கொப்புளம் விட்டு விட்டு.

ஆரோக்கியமேரி அக்கா விளக்கைப் போட்டார்.
"குடம் பத்து ரூபா தண்ணி! என்ன பண்றீங்க சிஸ்டர்,
மண்ணுக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா?"
"ஆமாக்கா. சலைன்."
கீழ்வீட்டு பல்கீஸ் மாவு வழித்த கையோடு வந்து
"எங்க கிரைண்டர் தொட்டாலும் சுளீர்னு அடிக்குது,
இன்னொரு குடம் ஊத்துங்க" என்றாள்.
அவளே கொண்டுவந்தாள்.

மேலே வந்தேன்.
உம் இல்லை.
பெட்டி அணைந்துவிட்டதோ என்று பயந்தேன்,
சிவப்புப் புள்ளி எரிந்தது.

தட்டைச் சுழலவிட்டேன்.
நாகஸ்வரம் தொடங்கவில்லை.
தொடங்குமுன்
சீவாளியை நனைத்த உதடு,
ஒரு மூச்சு.
உள்ளே.
யாரோ, எந்த ஊரோ, உயிரோடிருக்கிறாரோ,
என் கை தானாக வாட்சைத் திருப்பி
எண்ணத் தொடங்கியிருந்தது.

விடிகாலை டியூட்டிக்கு இறங்கும்போது
மீட்டர் பெட்டியில் சீட்டு ஒட்டினேன்:
வாரம் ஒரு குடம்.
சனி, இரவு.
உப்பு இரண்டு கை.
பழக்கத்தில் கீழே
கையெழுத்தும் நேரமும் போட்டிருக்கிறேன்.