ஏழாம் தொட்டி

புதுவயலில் ஓர் அரிசி ஆலை மூடியதும்
அதற்குள் கடலைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
வியாழன்தோறும் தொண்டியிலிருந்து லாரியில் வரும்.
முதல் மாதம் தெருவே குடத்தோடு ஓடிவந்தது.
"உப்புங்க, உப்பு!" என்று
லாரிக்கு முன்னால் கத்திக்கொண்டு போவது
என் வேலை.

கடலுக்காக நான் சேரவில்லை.
சித்திரை வெயில், உள்ளே ஏசி,
சனி ஞாயிறு மதியச் சாப்பாடு.
சிகப்பிக்கு மீன் வாசனையே ஆகாது,
அவளும் சேர்ந்தாள்.
அடைக்கலராசு சேர்ந்தது
சிகப்பி சேர்ந்ததால்.

ஒன்றாம் தொட்டியில் கோமாளி மீன்.
செல்ஃபிக் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.
மூன்றில் கடல்குதிரை,
வாலால் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு
பேருந்தில் நிற்கும் ஆளைப்போல.
ஏழாவதுதான் பெரியது.
நெல் ஊறிய தொட்டி,
ஒரு பக்கத்தை இடித்துக் கண்ணாடி பதித்தது.
அதில் மணல், கடற்புல், தண்ணீர்.
மேலே பலகையில்
ஆவுளியா என்று எழுதியிருக்கும்.

"எங்கப்பா கடல்பசு?"
"கடல்ல இருக்குங்க."
"அப்ப இது?"
"அது திங்கிற புல்லு."
பள்ளத்தூர்க்காரர் ஒருவர்
பத்து டிக்கெட்டையும் என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.
"புல்லுக்கு இருபது ரூவாயா தம்பி?
எங்க கொல்லையில சும்மா கெடக்கு."

திரை போட்ட சன்னதிக்கு வெளியே
அர்ச்சகர் நிற்பதுபோல
இல்லாத ஒன்றுக்கு முன்னால்
ஒரு கோடை முழுக்க நின்றேன்.
நானே பார்த்ததில்லை அதை.

ஆடியில் நம்புதாளைக்குப் போனோம்,
குப்பை பொறுக்க.
கையுறை, தொப்பி,
ஆலையில் மிஞ்சிக் கிடந்த சாக்குகள்,
எல்லாவற்றிலும் பொன்னி புழுங்கல் 75 கிலோ.
பதினோரு சாக்கு நிறைந்தது.
கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஜெனிஃபா
எங்கள் வயதுக்காரி.
"புல்லு பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் தண்ணீரில் இறங்கினாள்.

இடுப்பளவு.
பச்சைக்கு நடுவே வழுக்கையாய் ஒரு கோடு.
"ராத்திரி மேஞ்சிருக்கு."
மூச்சுப்பிடித்துக் குனிந்து அளந்தேன்.
அகலம் ஒரு சாண்.
கண்மாய்க் கரையில் எங்கள் மாடு மேய்ந்தால்
கண்டபடி கிடக்கும்.
இது நேராக, ஏர் ஓட்டியதுபோல,
கலங்கல் தொடங்கும் இடம்வரை போய்
அப்புறம் தெரியவில்லை.

கரையேறும்போது சொன்னாள்,
பேருந்து நேரம் சொல்வதுபோல:
"ஐப்பசியில எங்க அண்ணன் வலையில ஒண்ணு சிக்குச்சு.
அறுத்து விட்டுட்டான்.
பதினெட்டாயிரம்.
குழுக்கடன் இன்னும் ஓடுது."
பிறகு எங்கள் சாக்குகளைப் பார்த்தாள்.
"இதுவும் நல்லதுதான்."

அந்த 'உம்' மணலாய் உறுத்தியது
தேவகோட்டை தாண்டும்வரை.
அடைக்கலராசு ஜன்னலைப் பார்த்தபடி,
"தொள்ளாயிரம் டிக்கெட்" என்றான்.
வேறு யாரும் பேசவில்லை.

மேலாளர் ஒத்துக்கொள்ள மூன்று வாரம்.
இப்போது ஏழாம் தொட்டி அருகே
ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது,
அறுத்த வலைக்கு என்று எழுதி.
காசைத் திருப்பிக் கேட்பவர்களுக்குத் தருகிறேன்,
டின்னைக் காட்டிவிட்டு.
பாதிப்பேர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.
நேற்றுவரை இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது,
அதில் ஒரு செல்லாத நோட்டு.

சிகப்பி யாரையும் கேட்கவில்லை.
ஒரு திங்கட்கிழமை தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு
புல்லின் நடுவே
ஒரு சாண் அகலத்துக்குக் கத்தரித்தாள்.
வலது கோடியில் தொடங்கி, நேராக,
கண்ணாடி முடியும் இடம்வரை.

இன்று ஒரு சிறுவன்
மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றான்.
அவன் மூச்சில் கண்ணாடி பனித்தது,
துடைத்தான், பனித்தது.
"அண்ணே, இப்பத்தான் போச்சா?"

ஆமாம் என்றேன்.
பின்னால் சிகப்பி
ஈரக் கத்தரியைப் பைக்குள் தள்ளினாள்.